இரு நீர்நிலைகளும் ஓர் ஏடும்

வனவிலங்குகள் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களின் மனம் கடல் கடந்து ஓடிவிடுகிறது. ஆப்பிரிக்கச் சிங்கத்தையும், ஆஸ்திரேலியக் கங்காருவையும், பறக்கமாட்டாத ஈமுவையும் படத்திலே கண்டு மகிழ்ந்தவர்கள் அவற்றின் உணவையும் இயல்பையும் தடையின்றி ஒப்பிப்பார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால், திண்டிவனத்திலே பயிலும் மாணவன் ஒருவனிடம், "உன் ஊருக்குக் கிழக்கே ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில், வடதுருவத்தை அடுத்த நாட்டிலிருந்து பறந்து வந்த சின்னஞ்சிறு பறவை ஒன்று மார்கழி மாதத்தில் இரை தேடிக்கொண்டிருக்கும்; அதனைக் கண்டதுண்டா?" என்று கேட்டால் அவன் விழிப்பான். ஆஸ்திரேலியாவைக் காணவேண்டுமென்றால்கூட அவன் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை கடலோரத்தில் நிற்கின்ற சவுக்குத் தோப்புகள், ஆஸ்திரேலியாவையும் தென்கிழக்காசியத் தீவுகளையும் பிறப்பிடமாக உடையவை. விறகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் பரவலாக நடப்பட்ட மரம் அது. வந்த மரத்தை நம் மரம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். நம் நாட்டுப் பறவையைத்தான் இன்னும் அறியாதிருக்கிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை ஒட்டி இரண்டு பெரும் பறவைப் புகலிடங்கள் உள்ளன. ஒன்று வடக்கே மதுராந்தகத்துக்கு அப்பால் உள்ள வேடந்தாங்கல். மற்றொன்று கிழக்கே மரக்காணத்துக்கும் வானூருக்கும் இடையே பரந்து கிடக்கும் கழுவெளி. முன்னது 1798-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு ஏடு பெற்றது. பின்னது அத்தகைய ஏட்டைப் பெற்றது 2021-ஆம் ஆண்டில். முன்னதன் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். பின்னதன் பரப்பு 5,151.60 ஹெக்டேர். சிறிய ஏரிக்கு முதலில் காவல் கிடைத்தது. பெரிய வெளியோ 223 ஆண்டுகள் காத்திருந்தது. இது ஏன் என்ற வினாவே என் உரையின் பொருள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பழங்காலத்தில் இந்நாட்டுக்கு ஓய்மானாடு என்று பெயர். அதனை ஆண்ட நல்லியக்கோடனைத் தலைவனாகக் கொண்டது, பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. அதிலே சொல்லப்படும் கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என்று அறிஞர் கருதுவர். அந்நூலைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். கழி என்பது கடல்நீர் உள்வாங்கி நிற்கும் இடம். புலவரின் நாட்டுப் பெயரிலேயே கழி இருக்கிறது. கழுவெளியின் பெயரிலும் அதன் ஒலி கேட்கிறது. திண்டிவனம் என்ற பெயரோ திந்திரிணி வனம் என்பதன் திரிபு என்பர். புளியங்காடு என்பது பொருள். கழியும் காடும் பெயர்களாகவேனும் நிலைத்துவிட்ட நாடு இது.

பறவைகள் பருவந்தோறும் வந்து போகின்றன என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பிசிராந்தையார் தம் நண்பனாகிய கோப்பெருஞ்சோழனிடம் அன்னச்சேவலைத் தூது விடும்போது, அது குமரித் துறையில் இரை தேடி முடித்து வடமலைக்குச் செல்வதாகவே பாடுகிறார். சத்திமுற்றப் புலவர் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டு, அதனையும் தென்திசையிலிருந்து வடதிசைக்கு அனுப்புகிறார். கற்பனைக்கு அடியில் கண்ணாரக் கண்ட உண்மை ஒன்று கிடக்கிறது என்றே நான் கருதுகிறேன். மேலைநாட்டில், குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் குளத்துச் சேற்றில் மறைந்து உறங்குகின்றன என்று நெடுங்காலம் நம்பியவர்களும் உண்டு.

இனி வேடந்தாங்கலுக்கு வருவோம். தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிறு ஏரிக்கு வழங்கும் பெயர். வேடர் தங்கிய இடம் என்று வேறு பொருள் சொல்வாரும் உளர். எப்படியாயினும், வேடன் பெயரைத் தாங்கிய ஊர் பறவைக்குக் காவலாக நின்றது வியப்புக்குரியது.

செங்கற்பட்டுச் சீமை 1763-இல் ஆர்க்காட்டு நவாபினால் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளிக்கப்பட்டது. பிறகு மைசூர்ப் போர்கள் வந்தன. ஐதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் பாழாயின, ஏரிகள் உடைந்தன, குடிகள் சிதறினர். 1794-இல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயனல் பிளேசு, ஏரிகளைச் செப்பனிட்டாலன்றி வரி வராது என்பதை உணர்ந்தவர். மதுராந்தகம் ஏரிக்கரை வெள்ளத்தில் உடையாமல் இராமலக்குவர் காத்தனர் என்றும், அதனைக் கண்ட கலெக்டர் தாயார் சன்னிதியைக் கட்டுவித்தார் என்றும் வழங்கும் கதை இவரைப் பற்றியதே. ஏரிகாத்த இராமர் என்று அக்கோயிலின் இறைவனுக்குப் பெயர். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஓர் ஏரியின் கரை எத்துணைப் பெரிய கவலையாக அக்காலத்து மக்களுக்கு இருந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அக்காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியிலே பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் பொறுக்கவில்லை, கலெக்டரிடம் முறையிட்டனர். அவரும் அம்முறையீட்டை ஏற்று, பறவைகளை எவரும் கொல்லலாகாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊராருக்கே உரியது என்று 1798-இல் கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல் என்பது அரசு குடிகளுக்கு எழுத்தில் தரும் உறுதி. நிலவரிக்கும் குத்தகைக்கும் கவுல் கொடுப்பது அன்று வழக்கம். நாரைக்கும் கொக்குக்கும் கவுல் கொடுத்தது புதுமை. அமெரிக்காவில் எல்லோசுட்டோன் பூங்கா அமைந்தது 1872-இல்; ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரை அடுத்த தேசியப் பூங்கா ஏற்பட்டது 1879-இல்; இந்தியாவில் காட்டுப் பறவைகளைக் காக்க முதற்சட்டம் பிறந்தது 1887-இல். இவை அனைத்துக்கும் முன்பே நம் சிற்றூர் மக்கள் ஓர் ஏட்டைப் பெற்றுவிட்டார்கள்.

ஊரார் பறவைகளிடம் காட்டிய அன்பு வெறும் இரக்கத்தால் மட்டும் பிறந்ததன்று. இதனை மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். ஏரியின் நடுவே நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. அவை பகலெல்லாம் சுற்றுப்புறத்து வயல்களிலும் குளங்களிலும் மீனும் நத்தையும் தவளையும் பூச்சியும் தின்று, மாலையில் ஏரிக்குத் திரும்புகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. பல காதத்துக்கு அப்பால் உள்ள சத்தையெல்லாம் கூலியின்றிச் சுமந்து வந்து ஓர் ஏரியிலே சேர்க்கும் வேலையாட்கள் அப்பறவைகள். நான் ஒருமுறை அங்குச் சென்றிருந்தபோது, மதகருகே மடை திருப்பிக்கொண்டிருந்த உழவர் ஒருவர், இந்த நீர் பாயும் வயலுக்கு வேறு உரம் குறைவாகவே வேண்டும் என்று பெருமையோடு கூறினார். ஆகவே 1798-இல் சிப்பாயின் துப்பாக்கி பறவையை மட்டும் கொல்லவில்லை. ஊராரின் விளைச்சலையும் தாக்கியது. பயனும் பரிவும் சேர்ந்து நின்றமையால்தான் அவர்களால் கலெக்டரின் வாயிலுக்குச் சென்று உரிமையோடு கேட்க முடிந்தது.

அந்தக் கவுல் 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கும்பினி ஆட்சி முடிந்து, நாடு பிரிட்டிஷ் அரசியின் ஆட்சிக்குள் சென்றது. கும்பினி மறைந்தது, கும்பினி கொடுத்த ஏடு மறையவில்லை. பிற்பாடு ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காகக் கொக்கின் இறகுகள் உலகெங்கும் விலைபோயின. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி செய்வது 1902-இல் தடுக்கப்படும் வரை, கொக்கினத்துக்குப் பொல்லாத காலம் அது. அந்தக் காலத்திலும் வேடந்தாங்கல் மக்களின் கையில் ஏடு இருந்தது. 1936-இல் அவ்வேரி புகலிடமாக ஏற்கப்பட்டது. 1962-இல் காட்டுச் சட்டத்தின் காவலுக்குள் வந்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அங்கே என்ன காணலாம்? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் பறவைகள் வரத் தொடங்கும். நத்தைகுத்தி நாரையை முதலில் பாருங்கள். அதன் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். இது பிறவிக் குறையன்று. குஞ்சுகளின் அலகில் இவ்விடைவெளி இல்லை, வளர வளரத்தான் தோன்றுகிறது. பாக்குவெட்டியில் பாக்கை நொறுக்குவதுபோல் அவ்விடைவெளியில் நத்தையை வைத்து நொறுக்கும் என்று முற்காலத்தில் நினைத்தார்கள். உண்மை அதுவன்று. கீழலகின் கூரிய நுனியை ஓட்டுக்குள் செலுத்திச் சதையைப் பற்றிய தசையை அறுத்து, ஓட்டை உடைக்காமலே சதையை வெளியே இழுத்துவிடுகிறது. நெல்வயல் நத்தையே அதற்குச் சிறந்த உணவாதலால், நெல் விளையும் நாடே அதன் நாடு.

மஞ்சள் மூக்கு நாரை மற்றொரு காட்சி. வெயில் ஏறியதும் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். அலகிலே நீர் முகந்து வந்து அவற்றின் மேல் சொட்டும். அதைக் கண்ட எவரும் பள்ளிப் பாடத்தில் தாய்மை என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்போது சொல்லுக்குத் தவிக்கமாட்டார். இவையன்றி, தொண்டையில் பை தொங்கும் கூழைக்கடா, கரண்டி போன்ற வாயுடைய கரண்டிவாயன், வளைந்த மூக்கையுடைய வெள்ளை அரிவாள் மூக்கன், கழுத்து மட்டும் நீருக்கு மேல் தெரியும் பாம்புத்தாரா, நீர்க்காகம், இரவிலே வேட்டைக்குப் புறப்படும் வக்கா முதலியவை உண்டு. தமிழில் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன், வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படிப்பது மாணவர்களுக்கு நல்லது. பங்குனி, சித்திரையில் நீர் வற்றும்போது குஞ்சுகளும் சிறகு முற்றிப் பறந்துவிடும். மழை பொய்த்த ஆண்டில் ஏரியும் இல்லை, பறவையும் இல்லை.

கழுவெளியின் இயல்பு முற்றிலும் வேறு. அது மரங்கள் அடர்ந்த ஏரியன்று. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்த ஆழமற்ற நீர். மேற்கே உள்ள நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் மழைக்காலத்தில் ஓடைகளின் வழியே அதில் வந்து சேர்கிறது. மரக்காணத்தருகே ஓர் உப்பங்கால்வாய் முகத்துவாரத்தின் வழியாக அதனைக் கடலோடு இணைக்கிறது. எனவே மழையில் நன்னீராகவும், கோடை நெருங்க உவர்நீராகவும் அது மாறுகிறது. முதுவேனிலில் பெரும்பகுதி வெடித்த நிலமாகிவிடும். தென்னிந்தியாவின் உவர்நீர்ப் பரப்புகளுள் பழவேற்காட்டுக்கு அடுத்த பெருமை இதற்கு உண்டு.

இந்த வெளியிலே கூடு கட்டும் பறவைகளைவிடக் குளிர்காலத்தைக் கழிக்க வரும் விருந்தினரே மிகுதி. மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று அறிஞர் குறிக்கும் வான்வழியில் அது அமைந்திருக்கிறது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி ஆகிய வாத்தினங்கள் வடநாடுகளிலிருந்து வந்து நடுநீரில் கூட்டமாக மிதக்கும். நீண்ட அலகைச் சேற்றில் புதைத்து இரை தேடும் கருவால் மூக்கன், கரையோரம் நடக்கும். மீசை ஆலா நீர்மேல் தாழப் பறந்து திரியும். கொசு உள்ளான் என்று ஒரு பறவை உண்டு, பெயருக்கேற்ற சிற்றுருவம், எடை ஏறத்தாழ 25 கிராம்தான். வடதுருவக் கடலோரத்துச் சமவெளியில் முட்டையிடும் இப்பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து மரக்காணத்து உப்பளச் சேற்றில் கால் பதிக்கிறது. வழியில் தங்கி இரையுண்ணும் ஒவ்வொரு நீர்நிலையும் அதற்கு ஒரு சாவடி. ஒரு சாவடி அழிந்தால் வழிப்போக்கன் என்ன ஆவான்?

கழுவெளியைக் காண விரும்புவோர் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் பேருந்தில் ஏறலாம். தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, கடலுக்கும் கழுவெளிக்கும் நடுவே செல்கிறது. கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். கதிரவன் எழும் நேரமே சிறந்த நேரம். தொலைநோக்கி இருந்தால் நன்று. இல்லாவிட்டாலும் பொறுமை இருந்தால் போதும். பளிச்சிடும் உடையும் உரத்த பேச்சும் ஆகா. வரும் வழியில் மரக்காணம் காப்புக்காட்டையும், கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற் காட்டையும் பார்க்கலாம். கடலோரத்து உலர் பசுமைக் காட்டின் எச்சங்கள் அவை. புளியங்காட்டின் பெயர் தாங்கிய நகரை அடுத்து, காடு எவ்வாறு இருந்தது என்பதை அறிய அவையே மிஞ்சியிருக்கின்றன. இமயத்தின் அடிவாரத்திலிருந்து குளிர்காலத்தில் தென்னாட்டுக்கு வரும் ஆறுமணிக் குருவிக்கு இத்தகைய மரச்செறிவே பிடிக்கும். விடியலிலும் அந்தியிலும் தவறாது கூவுவதால் அதற்கு அப்பெயர். விழுப்புரத்து மாணவர்களுக்குப் புதுச்சேரியை ஒட்டிய ஊசுடு ஏரியும் எளிதில் எட்டக்கூடியது.

இப்போது என் வினாவுக்குத் திரும்புகிறேன். கழுவெளி ஏன் காத்திருந்தது? அதன் நீர் உவர்நீர், மதகு இல்லை, ஆயக்கட்டு இல்லை. அதனால் அதனை நம்பி வரி செலுத்திய மிராசுதாரர் இல்லை. மீன் பிடித்தவர்களும், கோரை அறுத்தவர்களும், மாடு மேய்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் வரிக்கணக்கில் இடம் பெறாதவனின் குரல் கலெக்டர் வரை எட்டுவது அரிது. விளைவு தரும் நிலத்துக்கு ஏடு உண்டு. விளைவில்லை என்று எண்ணிய நிலத்துக்குப் புறம்போக்கு என்ற ஒரு சொல்லே உண்டு. அந்தச் சொல்லின் மறைவிலே கழுவெளியின் ஓரங்கள் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கரைந்தன. 1990-களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. அவற்றைப் பற்றி உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் கடுமையான தீர்ப்பு அளிக்க நேர்ந்தது. வேட்டையும் ஆக்கிரமிப்பும் வேறு.

உலகின் எண்ணமும் இதற்கிடையே மாறியது. ஈரானில் உள்ள ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2-ஆம் நாள் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்கீழ் உலகிலேயே முதலில் பட்டியலில் சேர்ந்த இடம், 1974-இல், ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள கோபர்க் தீபகற்பம். இந்தியா 1982-இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. வேடந்தாங்கல் 2022-இல் அப்பட்டியலில் இடம் பெற்றது. கழுவெளியைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஏடு கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணவேண்டா. 2020-இல் வேடந்தாங்கலின் 5 கிலோமீட்டர் வட்டத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் ஏற்பாடு ஒன்று எழுந்தபோது நாட்டில் பெரும் எதிர்ப்பு தோன்றியது. இரு நூற்றாண்டு வயதான காவலுக்கே அந்த நிலை என்றால், நேற்றுப் பிறந்த கழுவெளியின் காவல் எம்மட்டு? மேற்கே உள்ள ஏரிகளும் ஓடைகளும் தூர்ந்து போனால், சரணாலயத்தின் எல்லைக்கல் அசையாமல் நின்றாலும் உள்ளே நீர் இராது. மேலும், அங்கே வலை வீசியவரும் மாடு ஓட்டியவரும் இனி என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. 1798-இல் ஏட்டைக் கேட்டவர்கள் ஊரார். 2021-இல் ஏட்டைக் கொண்டுவந்தது அரசு. இவ்வேற்றுமை சிறியதன்று.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஓர் இடத்தைச் சரணாலயமாக்கும் அறிவிப்பு வந்தபின், அவ்விடத்தில் மக்களுக்கு உள்ள உரிமைகளைக் கலெக்டர் விசாரிக்க வேண்டும். அதற்கான விளம்பரத்தை அவ்வட்டார மொழியிலே சுற்றியுள்ள ஊர்களில் வெளியிட வேண்டும். உரிமை கோருவோருக்கு அதன்பின் இரண்டு மாத காலம் தரவேண்டும். வேடந்தாங்கல் மக்கள் கலெக்டரைத் தேடிப் போனார்கள். கழுவெளிக் கரையிலே, கலெக்டர் தமிழில் எழுதி ஊருக்குள் அனுப்பிக் கேட்கவேண்டும் என்பது சட்டம்.